ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

அமெரிக்காவில் ஒரு ரகம் ஆசாமிகள் உண்டு. வாரத்தில் ஐந்து நாள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு சமர்த்தாக ஆபீஸ் போவார்கள். சனிக்கிழமை வந்தால் கார் ஷெட் கதவை மல்லாக்கத் திறந்து வைத்துக்கொண்டு ஈயம் காய்ச்சுவார்கள். நம் ஊரில் ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றுவதாகப் பேச்சுக்குத்தான் சொல்வோம். இவர்கள் நிஜமாகவே காய்ச்சி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார்கள். அங்கே அது பொழுதுபோக்கு, நமக்குத் தபால்தலை மாதிரி. (இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

தோட்டா என்பது நாலு சரக்கு சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் பின்னால் பொட்டு மாதிரி பிரைமர், உள்ளே மருந்து, முன்னால் குண்டு. சுட்டதும் பிரைமரும் மருந்தும் கதை முடிந்தது. குண்டு போன இடம் தெரியாது. பித்தளைக் கூடு மட்டும் சூடாகக் காலடியில் வந்து விழும். அதைப் பொறுக்கி, துடைத்து, பழைய அளவுக்கு நசுக்கி மறுபடி நிரப்புவதற்குப் பெயர் ரீலோடிங். பித்தளை பல ஜென்மம் எடுக்கும். ஈயத்துக்கு ஒரே பிறவி. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதற்குத்தானோ என்னவோ!

குண்டைக் கடையில் வாங்கினால் ஈயத்துக்கு மேலே செப்புச் சட்டை போட்டுத் தருவார்கள். விலையும் அந்தச் சட்டைக்குத் தக்கபடி. 'நானே வார்த்துக்கிட்டா என்ன?' என்று கேட்கிற ஆசாமிதான் நம் சனிக்கிழமை நாயகன். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு அச்சு போதும். ஒரு மாலைக்குள் சில நூறு குண்டுகள். 'எவ்வளவு மிச்சம் பார்த்தியா!' என்று மனைவியிடம் பெருமை வேறு. மிச்சமாவது ஒன்றாவது! குண்டு சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இரண்டு மடங்கு சுடுவார். ஆடித் தள்ளுபடியில் காசு மிச்சம் பிடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஈயத்துக்கு எங்கே போவது? ரொம்ப நாள் டயர் கடைதான் கைகொடுத்தது. சக்கரத்தை பாலன்ஸ் பண்ணும்போது ரிம் ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு அடிப்பார்களே, அதேதான். இப்போது அதில் பாதி துத்தநாகமும் இரும்புமாக வருகிறது. துத்தநாகம் சட்டியில் கலந்துவிட்டால் அச்சு சரியாக நிரம்பாது, மொத்தமும் பாழ். இன்னொரு பொக்கிஷம், மூடிப்போன அச்சகங்கள். லைனோடைப் மெஷினின் எழுத்து உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். நல்ல கெட்டியான கலவை. நேற்றுத் தலையங்கமாக இருந்தது இன்றைக்குக் குண்டு. பத்திரிகையாளர்கள் பெருமைப்படுவதா, பயப்படுவதா தெரியவில்லை.

இதிலெல்லாம் அமெரிக்கர்களுக்குப் பூர்வஜென்ம வாசனை உண்டு. 1776 ஜூலை 9-ம் தேதி நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். மேலே தங்கமுலாம், உள்ளே முழுக்க ஈயம். கனெக்டிகட்டில் லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்கு ஏற்றிப் போய் உருக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து வார்த்த குண்டுகள் 42,088. சில்லறை முதல் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜாவின் சிலையாலேயே ராஜாவின் சிப்பாய்களைச் சுட்டார்கள்.

சரி, இவ்வளவு மலிவான சமாசாரத்துக்கு எதற்கு செப்புச் சட்டை? புகையில்லாத மருந்து வந்ததுதான் காரணம். 1880-களில் வந்த அந்த மருந்து குண்டை அசுர வேகத்தில் தள்ள ஆரம்பித்ததும், மெத்தென்ற ஈயம் தாக்குப்பிடிக்கவில்லை. குழலின் உள்பக்கம் அப்பிக்கொண்டது. குழல் முழுக்க ஈயப் பூச்சு என்றால் குறி எங்கே இருக்கும்? 1882-ல் ஸ்விட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் செப்பு உறை போட்டுக் காட்டினார். ராணுவங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன.

வார்ப்பு ஈயக்காரர்கள் விடவில்லை. 'கெட்டியாக வார்த்தால் அப்பாது' என்று ஆன்டிமனியை அள்ளிப் போட்டார்கள். அப்போதும் அப்பியது. விஷயம் கெட்டித்தனத்தில் இல்லை, அளவில்! குண்டு குழலை விட ஒரு நூல் சிறுத்திருந்தால் போதும், சூடான வாயு இடுக்கில் புகுந்து ஈயத்தைச் செதுக்கிக்கொண்டு போகும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக வார்த்தால் அடைத்துக்கொண்டு ஒழுங்காகப் போகும். கடைக் குண்டில் கிடைக்காத வசதி இதுதான். உங்கள் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வேகத்தையும் மட்டோடு வைத்தால் குழல் தேயாது. பழைய ரிவால்வர்காரர்கள் ஈயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். அதே ஆசையில் க்ளாக் மாதிரி பிஸ்டலில் போட்டால் வம்பு. அந்தக் கம்பெனியே ஈயக் குண்டு வேண்டாம் என்கிறது.

அளவு சரியானாலும் வழவழப்புக்கு ஏதாவது பூச வேண்டும். தேன்மெழுகு, கொழுப்பு, ஏதோ ஒன்று. இந்தப் பூச்சு விவகாரத்தை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவியது இதே காரியத்துக்கான கொழுப்புதான். அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று செய்தி பரவியது. 'உங்களுக்குப் பிடித்ததை நீங்களே பூசிக்கொள்ளுங்கள்' என்று துரைமார்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். எடுபடவில்லை. 1857 மே 10-ம் தேதி மீரட்டில் பற்றிக்கொண்டது. இப்போது பலர் மெழுகை விட்டுவிட்டு, குண்டின் மேல் பெயின்ட் பவுடரைத் தூவி அவனில் வாட்டி எடுக்கிறார்கள். சிவப்பும் பச்சையுமாக, மிட்டாய் மாதிரி இருக்கிறது.

மிட்டாய் என்றதும்தான் முக்கியமான சங்கதி. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். சுத்தமானதாக இருந்தால் தோஷமில்லை. இது காரீயம், விஷம். உருக்கும்போது வருகிற ஆவிதான் ஆபத்து என்று எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். ஈயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். சட்டியின் சூடு 400-ஐத் தாண்டாதவரை ஆவி அற்பம். சனியன் மேலே மிதக்கிற கசட்டுத் தூளில் இருக்கிறது. அது விரலில் ஒட்டும். அதே விரலால் சிகரெட், சாண்ட்விச். சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். தரையில் தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். பெரியவருக்கு வயிற்றுவலி, மறதி என்று போகிறது குழந்தையின் மூளையைத் தொடும். 2021-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் என்று இறக்கியது. அதுகூட 'இதற்குக் கீழே பரவாயில்லை' என்று அர்த்தமில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. விவரமான ஆசாமிகள் வார்ப்பதற்குத் தனி உடுப்பு, தனி செருப்பு வைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்கிறார்கள். சமையல் சட்டியில் காய்ச்சுகிறவனிடம் மிச்சம் பிடித்த டாலரைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் வேறு வேடிக்கை. தண்ணீர் சட்டென்று நீராவியாகி, உருகிய ஈயத்தை நாலாபக்கமும் வீசியடிக்கும். நெற்றி வியர்வைகூட ஆகாது.

கடைசியில் ஒரு பறவை வந்து குறுக்கே நின்றது. கலிஃபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு. 1982-ல் உலகத்திலேயே 22 தான் மிச்சம். வேடர்கள் விட்டுப்போன குடலில் கிடந்த ஈயத்துணுக்கைத் தின்றே பல செத்தன. செப்புச் சட்டைக்காரன்தான் அதிவேகத்தில் அடித்து அதிகம் சிதறுகிறான், எங்கள் வார்ப்புக் குண்டு முழுசாகவே போகிறது என்று வாதாடினார்கள். கேட்பாரில்லை. 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு எந்த ஈயக் குண்டும் கூடாது. அங்கே ஈயம் காய்ச்சுகிறவர்கள் இப்போது காகித அட்டையைத்தான் குறிவைக்கிறார்கள். காகிதம் தின்னக் கழுகு வருவதில்லை.