அதுவா, அவையா?

எழுவாய் ஒருமை என்றால் ‘இஸ்’, பன்மை என்றால் ‘ஆர்’. ஆங்கிலப் பரீட்சையில் இது ஒரு மார்க் சமாச்சாரம். ஆனால் தன் பெயருக்குப் பின்னால் எதைப் போடுவது என்று முடிவு செய்ய அமெரிக்காவுக்குச் சுமார் 125 ஆண்டுகள் ஆயிற்று.

சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்பது உருவத்தில் பன்மை. 1776ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை அறிவித்த 13 குடியேற்றங்களும் தங்களைத் தனித்தனி அரசுகளாகவே நினைத்தன. வினைச்சொல்லும் அதற்கேற்பப் பன்மையில் வந்தது. 1787ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் தேசத் துரோகத்தை விளக்கும்போதுகூட ‘அதன்மீது’ என்று சொல்லாமல் ‘அவற்றின்மீது’ போர் தொடுப்பது என்றே சொல்கிறது.

இது வெறும் இலக்கணமாக நிற்கவில்லை. ‘அவை’ என்றால், ஒரு குடிமகனின் விசுவாசம் முதலில் எதற்கு? 1861ல் ராபர்ட் லீ, அமெரிக்க ராணுவப் பதவியை உதறிவிட்டுத் தன் மாநிலமான வர்ஜீனியாவின் பக்கம் போனார். நான்கு ஆண்டுகள் நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

போருக்கு முன் ‘ஆர்’, போருக்குப் பின் ‘இஸ்’ என்பது பிரபலமான கதை. 1990ல் ஒளிபரப்பான கென் பர்ன்ஸின் டி.வி. தொடரில் எழுத்தாளர் ஷெல்பி ஃபுட் இதைச் சொன்னதும் இன்னும் பரவியது. ஆனால் மொழி அத்தனை வேகமாகக் கட்டளைக்குப் பணிவதில்லை. அடிமை முறையை ஒழித்து 1865ல் நிறைவேறிய 13ஆவது திருத்தமும் ‘அவற்றின்’ ஆளுகை என்றே பேசுகிறது. போரில் வென்ற தரப்பு எழுதிய வாசகம் அது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அலசி 2008ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அந்த நூற்றாண்டின் இறுதி வரை பன்மையின் கையே அங்கு ஓங்கியிருந்தது. மறுபக்கம், போருக்கு முன்பே ஒருமையைப் பயன்படுத்திய தலைவர்களும் உண்டு. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் 1901ல் அத்தகைய உதாரணங்களைத் தேடியெடுத்து ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் வாதாடினார். அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று ஒருமைக்கு ஒப்புதல் தந்தது. அதற்குள் மக்கள் பேச்சில் ‘இஸ்’ வேரூன்றிவிட்டிருந்தது.

‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் அறிவித்தது’ என்று எழுதும் தமிழ் உதவி ஆசிரியரும் இதே முட்டுச்சந்தில் நிற்கிறார். பன்மைப் பெயர், ஒருமை வினை: சொல்லை மட்டும் பார்த்தால் வழு. பொருளைப் பார்த்தால் வழுவமைதி. பலர் ‘அமெரிக்கா’ என்று சுருக்கித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவுக்கு இந்தத் தலைவலி இல்லை. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, மாநிலங்களின் ஒன்றியம் என்று வர்ணிப்பது ‘இந்தியா’ என்ற ஒருமைப் பெயரைத்தான். அதனால் இங்கே சண்டை வினைச்சொல்லில் வரவில்லை, பெயர்ச்சொல்லில் வந்தது. டெல்லியில் இருப்பது மத்திய அரசா, ஒன்றிய அரசா என்று 2021ல் தமிழகத்தில் எழுந்த விவாதம் அதுதான். எந்தச் சொல்லைப் போட்டாலும் வினை ஒருமைதான். ஆனால் மாநிலங்களை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைச் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.