இழுபறி மட்டும்தான் போட்டியா?

வாக்கு வித்தியாசம் நூலிழையாக இருந்தால்தான் தேர்தல் பார்க்கத் தகுந்தது, அலை வீசினால் சப்பென்று போய்விடும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். 1996 தமிழகச் சட்டமன்றத் தேர்தலை அவர் மறந்துவிட்டார் போலும். 1991இல் 234 தொகுதிகளில் 225ஐ அள்ளிய அதிமுக கூட்டணியின் முதல்வர், அடுத்த தேர்தலில் பர்கூரிலேயே தோற்றார். திமுக-தமாகா கூட்டணி 221 இடங்களைப் பிடித்தது. மாநில அளவில் இழுபறியே இல்லை. ஆனாலும் அந்த வாக்கு எண்ணிக்கையைச் சப்பென்று இருந்ததாகச் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

நூலிழைக்கு வருவோம். 2016இல் ராதாபுரத்தில் இன்பதுரை 49 வாக்குகளில் வென்றார். தோற்ற அப்பாவு தபால் வாக்குகள் தவறாக நிராகரிக்கப்பட்டதாக வழக்குத் தொடர்ந்தார். 2019இல்தான் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணினார்கள், ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது (2021இல் அப்பாவு அங்கேயே வென்று சபாநாயகரானது வேறு கதை). கட்டுரையாளரின் அளவுகோலில் இது முதல்தரப் போட்டி. ராதாபுரத்து வாக்காளருக்கோ, யார் வென்றார் என்ற கேள்வி ஐந்தாண்டு இழுத்த வழக்கு. ஆள்பவரை இறக்க முடியுமா, எண்ணிக்கையைத் தோற்றவரும் ஏற்பாரா என்று கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.