கேட்காமல் விட்ட கறுப்பு முத்திரை

மளிகைக் கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்க்கிறோம். காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பச்சைப் புள்ளியைத் தேடுகிறார்கள். அதை எழுத்தறியாதவர்கள்கூடக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பின்பக்கத்துச் சத்து அட்டவணையை மட்டும் யாரும் சீண்டுவதில்லை.

சீண்டினாலும் பெரிதாகப் புரியாது. அதில் பெரும்பாலும் உப்பு என்று இருக்காது, சோடியம் என்றிருக்கும். 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 300 மில்லி பாட்டிலைக் காலி செய்யும் பிள்ளை 33 கிராம் குடித்திருக்கிறது, ஏறக்குறைய எட்டு டீஸ்பூன். இந்தக் கணக்கைக் கடையில் நின்றுகொண்டு யார் போடுவது? அதுவும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். சட்டப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. மொழிக்காகத் தெருவில் இறங்கிய நாம், வாயில் போடும் பண்டத்தின் விவரத்தைத் தமிழில் கேட்கவே இல்லை.

சிலி நாட்டில் 2016 ஜூனில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டினால், பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. அந்தப் பாக்கெட்டில் பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் கூடாது, பள்ளிக்குள் விற்கக் கூடாது. அடுத்த ஒன்றரை ஆண்டில், முத்திரை விழுந்த பானங்களை வீடுகள் வாங்கியது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. முத்திரைக்குப் பயந்து பல நிறுவனங்கள் சர்க்கரையையே குறைத்தன. அங்குள்ள தாய்மார்கள் திடீரென்று ஊட்டச்சத்து நிபுணர்கள் ஆகிவிடவில்லை. பார்த்ததும் புரிகிற இடத்தில் விஷயம் வந்தது, அவ்வளவுதான்.

இங்கே 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டின் முன்பக்கத்துக்கு நட்சத்திர மதிப்பீட்டு முறை ஒன்றை வரைவாக வெளியிட்டது. எவ்வளவு மோசமான பண்டமானாலும் அரை நட்சத்திரமாவது கிடைக்கும்! பொதுமக்களின் கருத்தும் கேட்டார்கள். நாம் எத்தனை பேர் எழுதினோம்? 2025 ஏப்ரலில், ஒரு பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் இந்த முன்பக்க எச்சரிக்கை விஷயத்தை முடுக்கிவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னபோது, 'காலம் கெட்டுப் போச்சு' என்று பெருமூச்சு விட்டோம். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகையில் வழக்கம்போல மால்ட் பானமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டோம். பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டோமே தவிர, கேன்டீனில் என்ன விற்கிறது என்று கேட்கவில்லை. பத்திரிகைகளில் எழுதும் நாமும் விளம்பரப் பக்கத்தை நினைத்து அடக்கி வாசித்தோம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள் என்ற அறிவுரையோடு நிறுத்தினால், பழி மறுபடி வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும். எச்சரிக்கை முன்பக்கத்தில் வர வேண்டும், தமிழிலும் வர வேண்டும். அடுத்த முறை ஆணையம் கருத்துக் கேட்கும்போது நாலு வரியாவது எழுதி அனுப்புங்கள்.