மீன்பிடிப் பயணமும் நம் கடமையும்

 

திரெங்கானு மலைகளுக்கிடையே உள்ள கென்யிர் ஏரிக்குப் பிள்ளைகளுடன் மீன்பிடிக்கச் செல்வது நல்ல எண்ணமே. ஆயினும், தோட்டத்து ஓடையில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடித்த பழக்கம் மட்டும் அங்குப் போதாது. 1985-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவான ஏரி அது. இன்று தீவுகளாய்த் தோன்றுபவை முன்னாளில் குன்றுகள். நீருக்கடியில் பட்ட மரங்கள் நிற்கின்றன. ஆகவே, இடமறிந்த படகோட்டியும் ஆளுக்கோர் உயிர்காப்புச் சட்டையும் வேண்டும். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்தல் நன்று.

இவற்றினும் முதன்மையான ஒன்றுண்டு. அங்கு வாழும் தோமான், விரால் இனத்தைச் சேர்ந்தது. அதன் குஞ்சுகள் கூட்டமாய் நீர்மட்டத்திற்கு வந்து மூச்செடுக்கும். பெற்ற மீன்கள் அருகிலேயே காவல் காக்கும். அவ்விடத்தில் தூண்டில் வீசினால், காவல் மீன் சினந்து பாய்ந்து எளிதில் சிக்கும். பின்னர், காப்பாரற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

“மீன் பிடிக்கத்தானே வந்தோம்?” எனச் சிலர் வினவலாம். ஒருவேளைக் குழம்புக்காக ஒரு கூட்டத்தையே அழிப்பது திறமையாகாது. குஞ்சுகளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வோம் என்று வீட்டிலேயே முடிவுசெய்து புறப்படுங்கள். பிடிக்கக் கற்பிப்பதோடு விட்டுவிடவும் கற்பிப்பதே பெற்றோர் கடமை.

தலைமையாசிரியர்