முதல் கோணல் முற்றும் கோணல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

இது கணிப்பொறிக் காலம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பேச்சுப் போட்டியாயினும் பட்டிமன்றமாயினும் அச்சொல் ஒலிக்காமல் நம் கல்லூரியில் ஒரு விழா நிறைவுறுவதில்லை. ஆனால் கணிப்பொறியின் முன் அமரும் நம்மில் எத்தனை பேர் அதனை ஆளுகின்றோம்? எத்தனை பேர் அதனால் ஆளப்படுகின்றோம்? இவ்வினாவிற்கு விடை காணப் பெரிய பொருள் எதனையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. செய்முறை வகுப்பில் வாரந்தோறும் நாம் திறந்து மூடும் ஒரு சிறு மென்பொருளே போதும். அதுதான் முனையத் தொடர்பு மென்பொருள். அதன் தொடக்க அமைப்புகளையும் மேக்ரோக்களையும் மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் எழுதப் பழக வேண்டும். ஆயத்தமாகக் கிடைப்பதைச் சொடுக்கி விட்டுப் போவது கல்வியாகாது. இதுவே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

முனையம் என்பது முதலில் ஒரு பொருளாகவே இருந்தது. தட்டச்சுப் பொறியைப் போன்ற டெலிடைப் கருவியின் முன் அமர்ந்து, தொலைவிலுள்ள பெருங்கணிப்பொறியுடன் உரையாடினர். பின்னர்க் காகிதத்திற்குப் பதிலாகத் திரை வந்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 என்னும் திரைமுனையம் அவ்வகையில் புகழ்பெற்றது. திரையில் 24 வரிகள்; வரிக்கு 80 எழுத்துகள். இன்று அப்பெட்டி அருங்காட்சியகப் பொருளாகி விட்டது. ஆயினும் அதன் நடையை அப்படியே நடித்துக் காட்டும் மென்பொருள்கள் வாழ்கின்றன. விண்டோஸில் டெராடெர்ம், லினக்ஸில் மினிகாம், பலவகைக் கணிப்பொறிகளிலும் கெர்மிட் என்று அவற்றின் பட்டியல் நீளும். நம் ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையை அளந்து சொல்லும் நுண்கட்டுப்பாட்டுப் பலகை, அளந்ததை நமக்கு உரைப்பது இவ்வகை மென்பொருளின் வாயிலாகத்தான்.

பலகையும் கணிப்பொறியும் பேசிக்கொள்ள வேண்டுமானால், இரண்டும் சில நிபந்தனைகளுக்கு முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். முதலாவது வேகம். நொடிக்கு 9600 துடிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கு எட்டுத் துடிப்புகள், அதன் தொடக்கத்தைக் காட்ட ஒன்று, முடிவைக் காட்ட ஒன்று, ஆகப் பத்து. எனவே நொடிக்கு 960 எழுத்துகள் வரும். 24 வரியும் 80 எழுத்தும் கொண்ட திரை முழுவதும் நிரம்ப இரண்டு நொடிகள் ஆகும். பலகை 9600 வேகத்தில் பேச, கணிப்பொறி 1,15,200 வேகத்தில் கேட்டால் திரையில் தோன்றுவது எழுத்தன்று, குப்பை.

இரண்டாவது வரிமுடிவு. டெலிடைப் காலத்தில் அச்சுமுனை இடப்பக்கம் திரும்புவது ஒரு செயல். காகிதம் ஒரு வரி மேலேறுவது வேறொரு செயல். ஆதலால் இரண்டு குறிகள் வேண்டியிருந்தன. அந்த இரட்டைக் குறி இன்றும் நம்மைத் தொடர்கிறது. பலகை ஒரு குறியை மட்டும் அனுப்ப, மென்பொருள் இரண்டையும் எதிர்பார்த்தால், அளவீடுகள் நேராக அடுக்கி நிற்காமல் படிக்கட்டுப் போல வலப்புறம் சரிந்து கொண்டே போகும். மூன்றாவது எதிரொலி. நாம் தட்டும் எழுத்தை மென்பொருளும் காட்டி, பலகையும் திருப்பி அனுப்பினால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். இரண்டும் காட்டாவிடில் நாம் தட்டுவதே தெரியாது.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வதற்கென்று அமைந்ததே தொடக்கக் கோப்பு. டெராடெர்முக்கு 'டெராடெர்ம்.ஐஎன்ஐ' என்பது அதன் பெயர். சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த எழுதியிலும் திறந்து படிக்கலாம். பட்டியலில் வேகத்தை மாற்றிவிட்டு, அமைப்பைச் சேமிக்காமல் மூடினால் அடுத்த முறை பழைய வேகமே வரும். சேமித்தால், அதே கணிப்பொறியில் அடுத்து அமர்பவருக்கு நம் வேகம் வந்து வாய்க்கும். பொது ஆய்வுக்கூடத்தில் இதனால் விளையும் குழப்பங்களை நாம் அறிவோம். காலையில் ஒரு குழு மாற்றிச் சென்றதை மாலைக் குழு அறியாது. கருவி பழுது என்று முடிவு கட்டி ஆசிரியரை அழைக்கும்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பது நம் முன்னோர் மொழி. என் தந்தையார் கொத்தனார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்தது நான்தான். அவர் சுவரெழுப்பும் இடத்தில் விடுமுறை நாள்களில் சிற்றாளாக நின்றிருக்கிறேன். முதல் வரிசைக் கல்லுக்கு நூல் பிடிப்பதிலும் ரசமட்டம் பார்ப்பதிலும் அவர் செலவிடும் நேரம், அடுத்த ஐந்து வரிசைகளுக்கு ஆகாது. "அடியிலே அரை விரற்கடை தப்பினால் தலைமாட்டிலே ஒரு சாண் தப்பும்" என்பார். அவருக்கு டெராடெர்ம் தெரியாது. ஆனால் தொடக்க அமைப்பின் தத்துவம் தெரியும்.

இனி மேக்ரோவைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நாம் மீண்டும் மீண்டும் தட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து, ஒரே அழைப்பில் நிறைவேற்றச் செய்வதே மேக்ரோ. இதன் வரலாற்றில் மாணவர்களுக்கும் பங்குண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1981இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பெருங்கணிப்பொறியில் மாணவர்க்குக் கிடைத்த சேமிப்பிடம் மிகச் சிறிது. தம் கோப்புகளை நெகிழ்வட்டில் எடுத்துச் சென்று பாதுகாக்க அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக ஃப்ராங்க் டா க்ரூஸ், பில் கேச்சிங்ஸ் முதலானோர் உருவாக்கியதே கெர்மிட். தொலைக்காட்சியின் பொம்மைத் தவளை ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினர். நாளடைவில் அதற்குத் தொடக்கக் கோப்பும் மேக்ரோ மொழியும் வளர்ந்தன. பல்கலைக்கழகம் அத்திட்டத்தை 2011இல் முடித்துக்கொண்டது. மென்பொருளோ கட்டற்ற உரிமத்தில் யாவர்க்கும் திறந்து விடப்பட்டது. டெராடெர்மின் கதையும் இதைப் போன்றதே. ஜப்பானியரான டெரனிஷி 1990களில் எழுதியதை, 2004 முதல் யுடகா ஹிராட்டா தொடங்கிய குழு மூலநிரலைத் திறந்து வைத்து வளர்த்து வருகிறது. இரண்டையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஏழை மாணவர்க்கு இதனினும் நற்செய்தி ஏது?

மேக்ரோ எழுதுவதில் உயிரான பாடம் ஒன்று உண்டு. அனுப்புவதற்கு முன் காத்திரு என்பதே அது. டெராடெர்மின் மேக்ரோ மொழியில் 'வெயிட்' என்றொரு கட்டளையும் 'சென்ட்எல்என்' என்றொரு கட்டளையும் உள்ளன. முன்னது எதிர்ப்பக்கத்திலிருந்து குறிப்பிட்ட சொல் வரும்வரை காத்திருக்கும். பின்னது ஒரு வரியை அனுப்பும். ஆர்டுயினோ ஊனோ பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்வாயிலைத் திறந்தவுடன் அப்பலகை தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொள்ளும். அது விழித்தெழச் சிறிது நேரமாகும். இதை அறியாமல், வாயில் திறந்த கணத்திலேயே கட்டளையை அனுப்பும் மேக்ரோ, உறங்குகிறவனிடம் கதை சொன்னதற்கு ஒப்பாகும். பலகையின் நிரலில் 'ஆயத்தம்' என்பதற்குரிய சொல்லை முதலில் அனுப்பச் செய்து, மேக்ரோவில் அச்சொல்லுக்குக் காத்திருந்து, பின்னர்க் கட்டளை இட்டால் ஒரு தடவையும் தவறாது.

காத்திருத்தலுக்கும் எல்லை வேண்டும். 'டைம்அவுட்' என்னும் மாறியில் பத்து என்று எழுதினால் பத்து நொடி காத்திருக்கும். சுழியம் என்று விட்டால் முடிவின்றிக் காத்திருக்கும். எதிர்பார்த்த சொல் வந்ததா இல்லையா என்பதை 'ரிசல்ட்' என்னும் மாறி சொல்லும். சுழியமாயின் சொல் வரவில்லை, ஒன்றாயின் வந்தது. அதைப் பார்த்து, வராவிடில் "பலகை பேசவில்லை" என்று அறிவித்து நிற்கும்படி எழுதுவதே அறிவுடைமை. எட்டுப் பத்து வரிகளில் முடிந்துவிடும் இவ்வேலையில், எதிர்பார்த்தல், பொறுத்தல், சோதித்தல், முடிவெடுத்தல் என்ற நான்கும் அடங்கியிருக்கின்றன. அறிவியல் முறை என்று முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்தது வேறென்ன?

சிலர் வினவலாம்: "ஆய்வுக்கூட உதவியாளர் எல்லாவற்றையும் அமைத்து வைத்திருக்கும்போது மாணவர் ஏன் தலையிட வேண்டும்? இருக்கும் மூன்று மணி நேரம் பாடத்திற்கே போதவில்லையே! ஆளாளுக்கு அமைப்பை மாற்றினால் கருவி என்னாவது?" இவ்வையங்கள் நியாயமானவையே. ஒரே கருவியைச் சுற்றி மூவர் நிற்கும் வகுப்பில் ஆசிரியர் படும் பாட்டை நாம் அறியாதவரல்லர். ஆனால் அம்மூவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் கணிப்பொறி வைத்திருப்பவர் விசைப்பலகையை எடுத்துக்கொள்கிறார். மற்ற இருவரும் பார்வையாளர். எல்லாம் ஆயத்தமாக இருப்பதால் அவருக்கும் விளக்க ஒன்றுமில்லை. இவர்களுக்கும் கேட்க ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் இப்படியே கழிகிறது. தேர்வு நாளில்தான் ஒவ்வொருவரும் தனியே அமர்கிறோம்.

அப்படி அமர்ந்த என் நண்பன் ஒருவனை நான் அறிவேன். கோட்பாடு முழுவதும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், இணைப்பிலும் பிழையில்லை. அவனுக்கு ஒதுக்கிய கணிப்பொறி வேறு. அதில் பலகைக்குக் கிடைத்த வாயில் எண் மூன்று அன்று, ஐந்து. திரை வெறுமையாகவே இருந்தது. தான் செய்த இணைப்பில்தான் குறை என்று கம்பிகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நேரம் போயிற்று. ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்திருக்கும் சிக்கல். அவன் தந்தை நூல் ஆலைத் தொழிலாளி. "நமக்கெல்லாம் கணிப்பொறி வராதுடா" என்று சொல்லிக்கொண்டே அவன் வெளியே வந்தான். மதிப்பெண் போனதைவிட அந்தச் சொல்தான் என்னை வருத்திற்று. வராதது கணிப்பொறியன்று, அந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. ஆயத்த அமைப்பு என்பது தெரிந்தவர்க்கு வசதி, தெரியாதவர்க்குத் திரை. அதன் பின்னே என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டறிய வழியற்ற நமக்குக் கல்லூரியன்றி வேறு புகலிடம் எது?

பொது அமைப்பு கெட்டுவிடும் என்ற அச்சத்திற்கும் வழியுண்டு. பொதுக் கோப்பை எவரும் தொட வேண்டாம். டெராடெர்மைத் தொடங்கும் கட்டளையில் சாய்கோடும் எஃப் என்னும் எழுத்தும் சமக்குறியும் இட்டுத் தம் கோப்பின் பெயரை எழுதினால், பொதுக் கோப்பை விடுத்து அக்கோப்பையே அது படிக்கும். எஃப்புக்குப் பதில் எம் என்று இட்டு மேக்ரோவின் பெயரையும் கொடுக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் கோப்புகளைத் தம் கைவட்டில் வைத்துக்கொண்டால் ஒருவர் அமைப்பு மற்றவரைத் தீண்டாது.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். மேக்ரோவுக்குள் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி வைக்கும் பழக்கம் தீது. அது எழுத்துக் கோப்பு. திறந்தவர் எவரும் படிப்பர். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்க விட்டதற்கு ஒப்பாகும். கடவுச்சொல்லை அவ்வப்போது கேட்டுப் பெறும் 'பாஸ்வேர்ட்பாக்ஸ்' என்னும் கட்டளை அதே மொழியில் இருக்கிறது. மேலும், கையால் செய்தறியாத ஒன்றை மேக்ரோவாக்குவதும் கூடாது. மூன்று முறை கையால் தட்டிப் பார். நான்காம் முறை மேக்ரோ எழுது என்பது என் கொள்கை. புரியாததை விரைந்து செய்வதில் பெருமையில்லை.

துறைப் பேராசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று: பருவத்தின் முதல் செய்முறை வகுப்பை இதற்கென ஒதுக்குங்கள், வேகத்தையும் வரிமுடிவையும் வேண்டுமென்றே தவறாக அமைத்துக் கொடுத்து, எங்களையே திருத்தச் சொல்லுங்கள். இரண்டு: செய்முறைக் குறிப்பேட்டில் சுற்றுப்படம் வரையும் பக்கத்திற்கு அடுத்துத் தொடக்க அமைப்பையும் எழுதச் செய்யுங்கள். எந்த வேகத்தில், எந்த வாயிலில் அளந்தோம் என்று எழுதாத அளவீட்டை அடுத்த ஆண்டு மாணவர் எவ்வாறு மீண்டும் செய்து பார்ப்பர்? மூன்று: மேக்ரோவில் அரைப்புள்ளிக்குப் பின் எழுதுவதைக் கணிப்பொறி பொருட்படுத்தாது, அது மனிதர்க்கான குறிப்பு. அக்குறிப்பைத் தமிழில் எழுத எங்களுக்கு இசைவு தாருங்கள். கட்டளை ஆங்கிலத்தில் இருக்கட்டும். அது ஏன் அவ்விடத்தில் இருக்கிறது என்ற காரணம் எங்கள் மொழியில் இருக்கட்டும். காரணம் புரிந்தவனுக்குக் கட்டளை மறக்காது.

மாணவத் தோழர்களே! உங்களிடமும் ஒரு சொல். விசைப்பலகை கிடைத்தவர் இன்று அதனை அருகில் நிற்பவரிடம் கொடுங்கள். அருகில் நிற்பவரே, தயங்காமல் வாங்குங்கள். அமைப்புப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியையும் "இது எதற்கு?" என்று கேளுங்கள். ஒரு முறை கெட்டால் மறுமுறை சரியாகும். கெட்டுப்போகக் கூடியது ஓர் எழுத்துக் கோப்புதான். நூல் பிடிக்கக் கற்றவன் எந்த ஊரிலும் சுவரெழுப்புவான். தொடக்கக் கோப்பைத் தானே எழுதக் கற்ற மாணவன் எந்தக் கணிப்பொறியின் முன்னும் நிமிர்ந்தே அமர்வான்.