மௌனம் சம்மதமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று நம் ஜனங்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். தலை குனிந்து நின்ற பெண்ணைக் காட்டி, இதைச் சொல்லித்தான் எத்தனையோ கல்யாணங்களை நிச்சயித்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமானால் இந்தப் பழமொழி உதவலாம். ஒரு பெண்ணின் உடல் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது குற்றவாளியின் கட்சிக்காரர் பேச்சு. வாலிபர்களும் யுவதிகளும் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூச்சப்பட்டுப் பேசாமலிருந்தது போதும்.

1972ம் ஆண்டு மார்ச் 26ந் தேதி இரவு, மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைப் பாருங்கள். பெற்றோரை இழந்து, சகோதரனோடு கூலி வேலை செய்து பிழைத்த ஓர் ஆதிவாசிப் பெண். வயது 14க்கும் 16க்கும் இடையில். சகோதரன் கொடுத்த புகார் ஒன்றிற்காக அழைக்கப்பட்டு வந்தாள். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பலாத்காரம் செய்ததாக ஒரு கான்ஸ்டபிள் மீதும், மானபங்கம் செய்ததாக ஓர் ஏட்டு மீதும் வழக்கு நடந்தது. (அவள் பெயரை நான் எழுதவில்லை. பலாத்காரத்திற்கு உள்ளானவரின் பெயரை அச்சிடுவது 1983 முதல் குற்றம்.)

1974ல் செஷன்ஸ் கோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. அவள் ஏற்கெனவே ஆண் உறவு அறிந்தவளாம், ஆகவே சம்மதித்திருப்பாளாம்! பம்பாய் ஹைகோர்ட் இதை ஏற்கவில்லை. பயந்து பணிந்து போவது வேறு, விரும்பிச் சம்மதிப்பது வேறு என்று கூறித் தண்டித்தது. ஆனால் 1978ல் சுப்ரீம் கோர்ட் அவர்களை மீண்டும் விடுவித்தது. உடம்பில் காயமில்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. இரவில், போலீஸ் ஸ்டேஷனுக்குள், ஓர் ஏழைப் பெண் யாரைக் கூப்பிட்டுக் கூச்சல் போடுவாள்? போலீஸைத்தானே!

1979ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட அறிஞர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மாதர்கள் வீதிக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் 1983ல் சட்டம் திருந்தியது. போலீஸ் காவலில் நடந்த பலாத்கார வழக்கில், உறவு நடந்தது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று அந்தப் பெண் சொன்னால், கோர்ட் அப்படியே அனுமானிக்க வேண்டும்.

2013ல் சம்மதம் என்றால் என்ன என்பதையே சட்டம் எழுதி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63வது பிரிவிலும் அது இருக்கிறது. சொல்லாலோ சைகையாலோ ஐயத்திற்கு இடமின்றி, சுய இஷ்டப்படி, அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு இணங்குவதே சம்மதம். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது. நேற்று இணங்கியவள் இன்று மறுக்கலாம். சினிமாவுக்குக் கூட வந்தவள் வேறெதற்கும் இணங்கியவள் ஆகமாட்டாள். உயிருக்குப் பயந்தோ, போதையில் புத்தி தடுமாறியோ சொன்ன 'சரி', சரியல்ல. அவளுடைய பழைய வாழ்க்கையைக் கிளறிச் சம்மதத்தை நிரூபிக்கவும் இனி முடியாது.

பதினெட்டு வயது நிரம்பாதவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே கருதாது. 2012ம் ஆண்டின் போக்ஸோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. காதலித்து ஓடிய 17 வயதுப் பெண்ணுக்காக 19 வயதுப் பையன் மீதும் அது பாயும். ஜாதி மீறிய காதலைப் பொறுக்காத பெற்றோர் இதை ஆயுதமாக்குவதும் உண்டு. 16 வயதுக்கு மேற்பட்டோர் விஷயத்தில் மறுபரிசீலனை செய்யலாம் என்று 2019ல் சென்னை ஹைகோர்ட் யோசனை கூறியது. வயதைக் குறைக்க வேண்டாம் என்று 2023ல் சட்டக் கமிஷன் கூறியது. விவாதம் நடக்கட்டும். அதுவரை, 18 என்ற எண்ணை அறியாமல் எந்தப் பையனும் சிறைக்குப் போக வேண்டாம்.

மனைவியின் விஷயத்தில்தான் சட்டம் இன்னும் பழைய பழமொழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது பலாத்காரக் குற்றமாகாதாம். இந்த விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இது எங்கள் எல்லையில்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. குழந்தைகளுக்காக 1098 என்ற டெலிபோன் எண் இருக்கிறது.