வாடகைப் பாட்டும் சொந்த ஹார்டு டிஸ்க்கும்



வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு வீடு வாடகை, விசா முதலாளியின் கையில், ஊர் திரும்பும்போது பெட்டியில் 30 கிலோ. இதில் பாட்டையும் மாதச் சந்தாவுக்கு வாடகைக்கு எடுக்கச் சொல்கிறது சந்தை. "எல்லாம் யூடியூப்ல இருக்கே, இன்னும் எதுக்கு இந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: நம்ம வர்க்கத்தின் வரலாறு அதுக்குள்ளதான் இருக்கு.

பழைய கதையிலிருந்து தொடங்குறேன். 1970-களின் கடைசியில் இந்தியாவுக்குக் கேசட் பிளேயர்கள் பெருமளவில் வந்து சேர்ந்ததில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பீட்டர் மானுவல் தன் 'கேசட் கல்ச்சர்' (1993) நூலில் இதைச் சொல்கிறார். அவர்கள் தூக்கி வந்த டூ-இன்-ஒன்கள் இருந்ததால்தான் கேசட் கம்பெனிகளுக்குச் சந்தை கிடைத்தது.

அதே கருவியில் ரெக்கார்ட் பட்டனும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க, ஐ.எஸ்.டி. பேசக் காசில்லாதவங்க கேசட்டில் பேசி, ஊருக்குப் போறவங்க கையில் கொடுத்தனுப்பினார்கள். ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குடும்பத்தோட குரல். இந்த இரண்டாவது பக்கம் எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் ஏறவில்லை.

எங்க வீட்டிலும் இதுதான் நிலைமை. நான் ஷார்ஜாவில் பிறந்தவள். வாப்பா கீழக்கரைக்காரர், வேலைக்கு இங்கே வந்து 30 வருஷத்துக்கு மேலாகிறது. அவருடைய கேசட்டுகள் எம்பி3 ஆகி, கடைசியில் 500 ஜிபி டிஸ்க் ஒன்றில் வந்து சேர்ந்தன. லேப்டாப் செத்ததும், அந்த டிஸ்க்கிலிருந்து பாட்டுகளைப் புது லேப்டாப்புக்கு ஏற்றும் வேலை எனக்கு வந்தது.

காப்பி பண்றது ஒரு ராத்திரி வேலைதான். எது என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கத்தான் வாரக்கணக்காச்சு. சினிமாப் பாட்டு என்றால், தன்னார்வலர்கள் வளர்க்கும் மியூசிக்பிரெயின்ஸ் போன்ற தரவுதளம் ஒலியை வைத்தே பலவற்றுக்குப் பெயர் சொல்லிவிடும். மற்றவை எல்லாம் 'ட்ராக் 01', 'ட்ராக் 02'. தமிழில் பெயர் போட்டிருந்த சிலதும் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. எம்பி3-யோடு ஒட்டிவரும் முதல் ஐடி3 குறிப்பில் பாட்டின் பெயருக்கு 30 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கே குறைந்தது 3 பைட் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

அதனால் வாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் கேட்டுச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கல்யாண ஊர்வலத்தில் ஊர் பைத்து சபைப் பிள்ளைகள் பாடியது. தேராவில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்த காலத்தில், சோத்துச் சட்டியில் தாளம் போட்டு நாகூர் ஹனிபா பாட்டைப் பாடியது. அதில் ஒரு குரல் வந்ததும் பாட்டை நிறுத்தச் சொன்னார். "இவன் சைட்டுல மேலேருந்து விழுந்துட்டாம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாட்டை ஹனிபா பாடி யூடியூபில் கேட்கலாம். அந்தத் தொழிலாளி பாடியதை அங்கே கேட்க முடியாது.

யூடியூபில், ஆப்பில் இருப்பதும் நிரந்தரம் இல்லை. 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய 5 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகளை மைஸ்பேஸ் தொலைத்துவிட்டது 2019-ல் தெரியவந்தது. 2023-ல் ஒப்பந்தம் முறிந்ததும் ஜீ மியூசிக் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து இறங்கின. 2024-ல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் ஆப்பையே மூடியது. இவர்கள் யாரும் கேட்பவரிடம் அனுமதி கேட்கவில்லை.

'இது வெறும் ஏக்கம், சம்பளப் பாக்கியும் பாஸ்போர்ட் பறிப்பும் இருக்கும்போது பாட்டு ஒரு பிரச்சினையா?' என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் குடியுரிமையே கிடைக்காத ஊரில், விசா முடிந்ததும் தொழிலாளி இருந்த தடயமும் போய்விடுகிறது. சம்பளத்துக்காகப் போராடுறதுக்கும், இங்கே நாங்களும் இருந்தோம்னு சொல்றதுக்கும் சாட்சி வேணும். ஈழத்தமிழர் 2005-ல் நூலகம் திட்டத்தைத் தொடங்கியபோது கையில் அரசு இருக்கவில்லை. சிரியாவின் கேசட்டுகளை 'சிரியன் கேசட் ஆர்க்கைவ்ஸ்' சேர்க்கிறது. நம்மாலும் முடியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிஸ்க் சத்தம் போட்டால் அதில் புதிதாக எதையும் எழுதாமல், முதலில் முழுசா ஒரு நகல் எடுங்க. அதுக்கப்புறம் ரெண்டு பிரதி: ஒண்ணு இங்கே, ஒண்ணு ஊரில். பெரியவங்களோட உட்கார்ந்து யார் பாடுறாங்க, எந்த ஊர், எந்த வருஷம்னு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைங்க. வீட்டுக் குரல்களை, முக்கியமா பெண்களின் குரல்களை, அவங்க சம்மதம் இல்லாம எங்கேயும் ஏற்றாதீங்க. சோனாப்பூர், முசஃபா கேம்ப்களில் தெரிஞ்சவங்க இருந்தா, அவங்க மெமரி கார்டுகளையும் கேளுங்க. ஊர் திரும்பும் நாளில் முதலில் தொலையறது அதுதான்.

கேபிளும் காலி டிஸ்க்கும் என்கிட்ட இருக்கு. வேணும்னா இந்த மடலுக்கே பதில் போடுங்க.